எண்பத்து நாலும் ஈரத் தெருவும்

போன வாரம் டாக்டரம்மா ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கென்ன, கேட்டதோடு வேலை முடிந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏழு நாளாக மண்டைக்குள் உருட்டிக்கொண்டிருப்பது நம் காத்தக்கா.

கேள்வி இதுதான். ஊர்க் காற்று நாளுக்கு நாள் சுத்தமாகிறது என்று எண் சொல்கிறது. அப்படியானால் மகளுடைய மூச்சு மட்டும் ஏன் நாளுக்கு நாள் குறைகிறது?

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்தக்கா என்பது தெரு வைத்த பெயர். அவள் வேலை காற்றை அளப்பது. ஊர் நடுவில், நூலக வளாகத்தின் மூலையில், ஓர் இரும்பு அறைக்குள் கருவி இருக்கிறது. கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாக அது காற்றை உறிஞ்சி, அதில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும். எண் சின்னதாக இருந்தால் நல்ல காற்று, பெரிதாக இருந்தால் கெட்ட காற்று. ஊரின் மறுகோடியில் உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். கருவியை நேரில் போய்ப் பார்ப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஃபில்டர் தாள் மாற்றுவதற்காக, அதுவும் மத்தியானத்தில்.

அவள் கணவர் நகரசபைத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் லாரி மாமா. காற்றும் தண்ணீரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன, நெருப்பு மட்டும்தான் பாக்கி என்று யாரோ சொன்னதற்கு, மேல்வீட்டு நாத்தனார், "அதான் அண்ணிக்குக் கோபம் வருதே, போதாதா?" என்றாளாம். காத்தக்கா அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

இவர்களுக்கு ஒரே மகள், வயது பதினாலு. பெயர் ரயில். பிறந்த மூன்றாம் மாதம் சளி பிடித்து நெஞ்சுக்குள் விசில் அடித்தபோது அப்பா வைத்த செல்லப்பெயர் அது. விசில் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் பிள்ளை ஓட ஆரம்பித்தால் பெயர் வேறு விதத்தில் பொருந்திவிடும், வழியில் நின்றவர்கள் தானாக விலகிக்கொள்வார்கள்.

மூச்சு இழுக்கிற பிள்ளையை ஓட விடலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் காத்தக்காவிடம் ஒரே பதில், தாராளமாக ஓடலாம், காற்றைப் பார்த்து ஓட வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நூறுக்குள் இருந்தால் ஓடு. நூற்றைம்பதுக்குள் இருந்தால் பாதி ஓடு. அதற்கு மேல் போனால் தூங்கு. கடைசி வரி மட்டும் ரயிலின் கையெழுத்து.

இந்தத் தாள்தான் மூன்று வருடமாக அந்த வீட்டின் சட்டம். தினமும் காலை ஆறு மணிக்குக் காத்தக்கா போனில் எண்ணைப் பார்த்துச் சொல்வாள். மகள் அதை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அளவுக்கோடு போட்ட ஊதுகுழாயில் மூச்சைப் பிடித்து ஒரே ஊதாக ஊதி, அந்த அளவையும் பக்கத்தில் எழுதுவாள். எழுதச் சொன்னது டாக்டரம்மா.

பதினேழு நாளாக அந்த நோட்டில் இரண்டு வரிசையும் சேர்ந்து இறங்குகின்றன. காற்றின் எண் நூற்று ஐம்பத்தெட்டிலிருந்து இறங்கி இறங்கி எண்பதுகளுக்கு வந்துவிட்டது. அது நல்ல செய்தி. ஊதுகிற அளவு முந்நூற்று முப்பதிலிருந்து இருநூற்று எழுபதுக்கு வந்துவிட்டது. அது கெட்ட செய்தி.

காத்தக்கா என்ன செய்தாள் தெரியுமா? எண் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு வீட்டில்தான் என்று முடிவு கட்டினாள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். தலையணைகளைத் தூக்கி எறிந்தாள். கொசுவர்த்திக்குத் தடை போட்டாள். நாத்தனார் வளர்த்த பூனையைப் படியிறங்கக்கூடாது என்று விரட்டியதில் இரண்டு வீட்டுக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனைக்குப் பிறகும் விசில் நிற்காததால், முந்தாநாள் மகளையே பிடித்துக்கொண்டாள். "காத்தெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. உனக்குத் தேர்வுப் பயம். பயத்துலதான் மூச்சு முட்டுது."

ரயில் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

தேர்வு இன்றைக்கு. காலை ஒன்பது மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். முதல் மூன்று பேருக்கு விளையாட்டுப் பள்ளியில் இடம். அங்கே ஓட்டத்துக்கென்றே ரப்பர் பாதை போட்டிருக்கிறார்கள் என்று ரயில் ஒரு மாதமாக அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆறு மணிக்குக் காத்தக்கா போனைப் பார்த்தாள். எண்பத்து நாலு.

"எண்பத்து நாலுடி. ஜம்முனு ஓடலாம்."

ரயில் ஊதுகுழாயை எடுத்து ஊதினாள். இருநூற்று நாற்பது. இரண்டாம் முறை ஊதினாள், அதே இருநூற்று நாற்பது. இதுவரை இல்லாத அளவுக்குக் கீழே. எழுதிவிட்டு நோட்டை மூடி, இன்ஹேலரை இரண்டு முறை இழுத்து, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் வண்டி வந்ததும் கிளம்பிப் போய்விட்டாள். வாசலில் திரும்பிப் பார்த்து, "பயப்படலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

லாரி மாமா வழக்கம்போல நாலரைக்கே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் பேச ஆளில்லை. காத்தக்காவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், மறுபடி வைத்தாள்.

கடைசியில் மடிக்கணினியைத் திறந்தாள். தினமும் பார்க்கிற எண்ணைப் பார்க்கவில்லை. அந்த எண் எதிலிருந்து வருகிறதோ அந்தப் பட்டியலை முழுதாகத் திறந்தாள். யாரும் திறக்காத பட்டியல் அது. தூசிக்கு ஒரு வரிசை, வண்டிப் புகைக்கு ஒரு வரிசை, வெப்பத்துக்கு ஒன்று, கடைசி மூலையில் காற்றின் ஈரத்துக்கு ஒன்று.

தூசி பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. வண்டிப் புகை இம்மியும் இறங்கவில்லை. அதெப்படி? காற்று சுத்தமானால் இரண்டும் அல்லவா இறங்க வேண்டும்?

பிறகுதான் கடைசி வரிசைக்கு வந்தாள். காலை ஐந்து மணிக்கு ஈரம் விருட்டென்று ஏறியிருந்தது. நேற்றும் ஐந்து மணி. முந்தாநாளும் ஐந்து மணி. பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். பதினேழு நாளும் அதே ஐந்து மணி. ஊரில் மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகிறது.

பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டாள் என்று சொன்னால் நம்புவீர்கள், ஆனால் அப்படி நடக்கவில்லை. அடுப்பை அணைத்து, பாலை மூடிவைத்து, அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். எவ்வளவு பதற்றத்திலும் அடுப்பை அணைக்காமல் கிளம்பத் தெரியாது அவளுக்கு.

நூலகத் தெரு முனையில் திரும்பும்போது மணி எட்டாகப் பத்து நிமிடம். அதுவரை வந்த வழியெல்லாம் தூசி. பேருந்து ஒவ்வொன்றும் ஒரு மூட்டை புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் ஓட்டி வந்தாள்.

திரும்பினால் தெரு ஈரம். தார் கருகருவென்று மின்னியது. மரத்து இலையெல்லாம் குளித்துவிட்டு நின்றன. வளாகத்துச் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டியது. காற்றில் சாரல் மிதந்தது. முகத்தில் பட்டால் சுகமாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஈரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து அடி எண்ணினாள். இருநூறு அடி. அதன் சரியான நடுவில் அவளுடைய கருவி. இரு பக்கமும் ஈரம் முடிந்த இடத்தில் பழையபடி புழுதி.

அந்த முனையில், பின்னால் ஆளுயரக் காற்றாடி வைத்த லாரி ஒன்று மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. காற்றாடி சுழன்று தண்ணீரைப் புகை மாதிரி மேலே ஊதிக்கொண்டிருந்தது. சரியாக அவள் கருவியின் குழாய் உயரத்துக்கு.

யார் இந்த வேலையைச் செய்வது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாகப் போனாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவை ஓங்கித் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

உள்ளே அவள் கணவர்.

பின்னால் காற்றாடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"அதை நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார். இறங்கி வந்து லாரியின் ஓரமாக நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். தூய்மையான நகரத்துக்கு விருது கொடுக்க ஒரு குழு வருகிறதாம். இந்த மாதம் முழுக்க எண் நூறைத் தாண்டக்கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். காலையில் மூன்று லோடு, இந்தத் தெருவில் மட்டும். தூசி அடங்குகிறது, ஊருக்கு நல்லதுதானே என்று இவரும் நினைத்தாராம். வீட்டில் சொல்ல வேண்டாம், உன் மனைவிக்குத் தர்மசங்கடம் என்று மேலதிகாரி சொன்னாராம்.

"சொல்ல வேண்டாம்னு சொன்னப்பவே இது சரியில்லன்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருஷமா நைட் டியூட்டி. உங்க ரெண்டு பேர் கூட உக்காந்து ராத்திரி சாப்பிட்டதே இல்ல. இந்த டியூட்டி காலையில மட்டும்தான், ஒம்பது மணிக்கே வீட்டுக்கு வந்துடறேன். மாட்டேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

காத்தக்காவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டில் மூவரும் உட்கார்ந்து அவர் சொல்கிற லாரிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மனிதனைத் திட்டவும் வாய் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

"ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜ்ல ஒரு தாள் ஒட்டியிருக்கே."

"ஆமா."

"அதுல நூறுக்குள்ள இருந்தா என்ன பண்ணணும்னு போட்டிருக்கு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எண்ணைக் குறைக்கிற வேலை இந்தத் தெருவில், எண்ணைப் பார்த்து மகளை ஓட அனுப்புகிற வேலை அந்த வீட்டில். இரண்டுமே அவருக்குத் தெரிந்தவைதான். பதினேழு நாளில் ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை மனிதர். சேர்த்துப் பார்த்ததும் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மைதானம் வட்டச் சாலை ஓரத்துல இருக்கு" என்றார், மெதுவாக. "அங்க கனரக வண்டிங்க நாள் பூரா போகுதே."

"அங்கதான் தினமும் காலையில ஒரு மணி நேரம் ஓடுறா. நாமதான் ஓடச் சொன்னோம்."

இதற்கு மேல் பேச நேரமில்லை. மணி எட்டே கால். காத்தக்கா பயிற்சியாளரைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தேர்வு நாளில் அந்த மனிதர் கையில் நிறுத்துக்கடிகாரம் இருக்கும், போன் பையில் தூங்கும்.

ஸ்கூட்டரை உதைத்தாள். ஈரத்தில் நனைந்ததோ என்னவோ, அது ஊமையாக நின்றது. இன்னொரு உதை. அதற்கும் அசையவில்லை.

"ஏறு" என்றார் லாரி மாமா.

தண்ணீர் லாரியில் ஏறிப் போனதுண்டா நீங்கள்? பின்னால் முக்கால் டாங்கி தண்ணீர் அலம்பும். பிரேக் போட்டால் வண்டி நின்ற பிறகு தண்ணீர் ஒரு முறை முன்னால் வந்து இடிக்கும். ஓட்டுகிறவர் அவசரப்பட்டாலும் தண்ணீர் அவசரப்படாது. காத்தக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிக்னலையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டால் எடை குறையும் என்று யோசனை சொன்னாள். திறந்துவிட்டால் பின்னால் வருகிற இருசக்கர வண்டியெல்லாம் சறுக்கும் என்று அவர் மறுத்தார். ஆறு வருடத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து பகல் நேரத்தில் வெளியே போவது இதுதான் முதல் முறை என்று இருவருக்குமே தோன்றியது. இருவருமே சொல்லவில்லை.

வட்டச் சாலைக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்ற வேண்டியதாயிற்று. அடுக்கடுக்காக லாரிகள். மேம்பால வேலைக்காகத் தோண்டிப்போட்ட மண். வெயிலே மங்கலாக விழுந்தது. இதைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறாள் காத்தக்கா. கண்ணெதிரே தெரிந்த புழுதியை விட்டுவிட்டு, கையில் தெரிந்த எண்ணைத்தான் நம்பியிருக்கிறாள்.

ஒன்பது ஐந்துக்கு மைதானத்து வாசலில் லாரி நின்றது. பின்னாலேயே தண்ணீர் வந்து ஒரு இடி இடித்தது.

ஓட்டம் தொடங்கிவிட்டது. எட்டுப் பெண்கள், மூன்றேமுக்கால் சுற்று. இரண்டு சுற்று முடிந்திருந்தது. ரயில் நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. அந்தத் தோள் என்ன சொல்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியும். காற்றுக்கு அலைகிற தோள் அது.

காத்தக்கா கம்பி வேலியில் போய் மோதாத குறையாக நின்று இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். "நிறுத்து, போதும், நிறுத்து" என்று கத்தினாள். பக்கத்தில் லாரி மாமாவும் கையை ஆட்டிக் கத்தினார். சுற்றிலும் நின்ற பெற்றோர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பிள்ளைக்குக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். யார் குரல் யாருக்குக் கேட்கும்?

ரயில் திரும்பிப் பார்த்தாள். வேலி ஓரத்தில் அம்மா. பக்கத்தில் அப்பா. அப்பா ஒரு போட்டிக்கும் வந்ததில்லை, பாவம், அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். இன்றைக்கு இருவரும் சேர்ந்து வந்து கையை ஆட்டுகிறார்கள். அவள் முகம் மலர்ந்தது.

வேகத்தைக் கூட்டினாள்.

காத்தக்கா கையைக் கீழே போட்டாள். ஐயோ, இனி ஆட்டினால் இன்னும் ஓடுவாளே. வேலியைச் சுற்றி வாசலைத் தேடி ஓடினாள். அவள் பயிற்சியாளரை எட்டுவதற்குள் மகள் கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டிவிட்டாள். மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தாள். கடந்து நாலடி வைத்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

விசில் பத்தடி தூரத்துக்குக் கேட்டது. உதட்டில் நீலம் ஓடியிருந்தது. பேச முயன்றாள், ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்த ஒரு சொல், "மூணாவது."

இன்ஹேலர் நாலு முறை, ஆறு முறை. கேட்கவில்லை. லாரி மாமா மகளைக் கையில் வாரிக்கொண்டு பயிற்சியாளரின் காருக்கு ஓடினார். தண்ணீர் லாரி மைதான வாசலிலேயே நின்றுவிட்டது. அதை அப்போது யார் நினைத்தார்கள்?

டாக்டரம்மாவின் மருத்துவமனை ஒன்றும் பெரிதில்லை. கீழே மருந்துக் கடை, மேலே ஆறு கட்டில். முகமூடி மாட்டி, மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே செலுத்தினார்கள். முதல் முறை வைத்து முடிந்ததும் விசில் குறையவில்லை. இரண்டாம் முறை வைத்தார்கள். கையில் ஊசி போட்டார்கள். விரலில் மாட்டிய சின்னக் கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூறு என்று காட்டியது. காத்தக்கா அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க எண் பார்த்தவள். இப்படி ஓர் எண் ஏறட்டும் என்று ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.

தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று மூன்று. மூன்றாம் முறை வைத்தபோது தொண்ணூற்று ஐந்து. நெஞ்சு மெல்ல அடங்கியது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஆபத்தைத் தாண்டிவிட்டாள், ஆனால் இன்று முழுக்க இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் காத்தக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். லாரி மாமா சுவரோரம் நின்றவர் நின்றபடியே இருந்தார். அவர் காக்கிச் சட்டை இன்னும் காயவில்லை.

டாக்டரம்மா பிறகு ஒருமுறை எட்டிப் பார்த்து, அந்த நோட்டு எங்கே என்று கேட்டார். மகளுடைய பையிலிருந்து காத்தக்கா எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். எண்பத்து நாலு, இருநூற்று நாற்பது.

"நான் போன வாரம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலையே" என்றார்.

"பதில் இருக்கு டாக்டர்" என்றாள் காத்தக்கா. மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சுவரோரம் நிற்கிறார். காட்டிக்கொடுத்தாள் என்று இருக்கக்கூடாது, மூடி மறைத்தாள் என்றும் இருக்கக்கூடாது.

டாக்டரம்மா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

மகள் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். "அம்மா. இன்னிக்கு நெசமாவே எத்தனை?"

காத்தக்கா போனைப் பார்த்தாள். பார்த்தவள் திகைத்தாள். மூன்றாம் லோடு பாதியில் நின்றதால் எட்டு மணிக்கே தெரு காய ஆரம்பித்திருக்கிறது. எண்பத்து நாலு, நூற்றுப் பத்து, நூற்று நாற்பது என்று ஏறி, இப்போது நூற்று எழுபத்தொன்றில் நின்றது. வட்டச் சாலையில் எத்தனை இருக்கும் என்று சொல்ல ஊரில் கருவியே கிடையாது.

"நூத்தி எழுபத்தொண்ணு."

"அப்போ தூங்கற நாள்" என்றாள் ரயில். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு கேட்டாள். "அப்போ எனக்குப் பயம் இல்லையாம்மா?"

காத்தக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருட வேலையில் எத்தனையோ கருவியின் பிழையைத் திருத்தியிருக்கிறாள். இந்தப் பிழையைத் திருத்த நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்லடி தங்கம். உன் மூச்சு மொத நாள்லேர்ந்தே சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் மெஷினை நம்பிட்டு உன்னை நம்பல. தப்பு என்னோடது."

சுவரோரம் ஓர் அசைவு. லாரி மாமா வந்து கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ட்ரிப் ஷீட்டுகளை எடுத்தார். எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை லோடு என்று ஓட்டுநர்கள் நாள்தோறும் எழுதி வைத்துக்கொள்கிற தாள்கள். நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவற்றை விரலால் பிரித்தார்.

"பேனா குடு கண்ணு."

ரயில் கொடுத்தாள். அவர் அவளுடைய நோட்டைத் திறந்து, இரண்டு வரிசைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கோணல். மூன்றாவது வரிசையின் தலையில் 'தண்ணி அடிச்சது' என்று எழுதினார். முதல் நாள், ஐந்திலிருந்து எட்டு, மூன்று லோடு. இரண்டாம் நாள், மூன்று லோடு. ஒவ்வொரு நாளையும் ட்ரிப் ஷீட்டோடு ஒத்துப் பார்த்து, மாணவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

மகள் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது நாள் வரும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்த பார்வையை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே போனார்.

பதினோராம் நாளில் அவருடைய போன் அடித்தது. திரையில் மேலதிகாரி. எழுதுவதை நிறுத்தவில்லை. போன் அடங்கியதும் காத்தக்காவின் போன் அடித்தது. இது அவளுடைய பெரிய அதிகாரி.

அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் பதற்றமான குரல். எண் திடீரென்று ஏறுகிறதே, கருவியில் கோளாறா, நண்பகல் பன்னிரண்டுக்குள் மாத அறிக்கையில் கையெழுத்து வேண்டும், எங்கே இருக்கிறாய்?

"மெஷின் இப்பதான் சார் சரியா வேலை செய்யுது" என்றாள் காத்தக்கா. "பதினேழு நாளாத்தான் கோளாறு. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. மைதான வாசலில் உன் கணவருடைய லாரி அனாதையாக நிற்கிறதாமே, வேலை நேரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும் அல்லவா, எந்த மருத்துவமனை என்று சொல், நானே வருகிறேன், பேசிக்கொள்ளலாம் என்றார். அவள் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

லாரி மாமா பதினேழாம் நாளை எழுதிக்கொண்டிருந்தார். அந்த வரியில் மட்டும் இரண்டே லோடு. கீழே தன் பெயரைப் போட்டு, ஓட்டுநர் எண்ணைப் போட்டு, தேதியோடு கையெழுத்திட்டார். நோட்டை மூடி மகளிடம் கொடுத்தார்.

"டாக்டரம்மா கிட்ட குடு. அவங்க கேட்ட கேள்விக்குப் பதில்னு சொல்லு."

"உங்க வேலை போயிடும்ங்க" என்றாள் காத்தக்கா.

"போகும்" என்றார் அவர். மகளின் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

கீழே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. காத்தக்கா சன்னலருகே போய்ப் பார்த்தாள். அலுவலக ஜீப். முன் இருக்கையிலிருந்து பெரிய அதிகாரி இறங்கினார், பின்னாலிருந்து கணவருடைய மேலதிகாரி. யார் சொன்னார்கள் இவர்களுக்கு? இடம் தெரிந்தவர் பயிற்சியாளர் ஒருவர்தான், அவர் இப்போதுதான் கீழே போனார்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். படிக்கட்டில் இரண்டு ஜோடிக் காலணிச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

ரயில் முகமூடியைச் சரியாக மாட்டிக்கொண்டாள். நோட்டை எடுத்து முதுகுக்குக் கீழே வைத்து, அதன் மேல் அழுத்தமாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.